ஏடி குரூப்பில் இல்லாதவரும் உள்ளே வருகிறார்: வெப் ஆப்பைக் குரூப் வைத்துப் பூட்டுவது எப்படி?

சர்வர் சங்கிலி:

வணக்கம் நண்பர்களே. எங்கள் அலுவலகத்தில் சம்பள அறிக்கை பார்க்க ஒரு பழைய வெப் ஆப் இருக்கிறது. பிஎச்பியில் எழுதியது, உபுண்டு மெஷினில் அப்பாச்சி 2.4 வெப் சர்வரில் ஓடுகிறது. ஆப்புக்குள் லாகின் பக்கமே கிடையாது. அப்பாச்சியே ஆக்டிவ் டைரக்டரியிடம் (ஏடி, அலுவலகத்தின் பயனர் கணக்குகளும் குரூப்புகளும் இருக்கும் மைக்ரோசாஃப்ட் பட்டியல்) எல்டாப் என்ற நெறிமுறை வழியாகக் கேட்டு ஆளை உள்ளே விடும். கணக்குப் பிரிவு குரூப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் திறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. போன வாரம் விற்பனைப் பிரிவில் ஒருவர் அந்த முகவரியை எங்கோ பார்த்து, தன் டொமைன் பாஸ்வேர்டைப் போட்டிருக்கிறார். திறந்துவிட்டது. எம்டி சம்பளம் வரை தெரிகிறது. நல்ல மனிதர், ஊரைக் கூட்டாமல் நேரே என்னிடம் வந்து சொன்னார்.

கான்ஃபிக்கில் குரூப் வரி இருக்கத்தான் செய்கிறது:

ஆத்டைப் பேசிக்
ஆத்பேசிக்புரொவைடர் எல்டாப்
ரிக்வயர் வேலிட்-யூசர்
ரிக்வயர் எல்டாப்-குரூப் சிஎன்=கணக்கு,ஓயு=குரூப்ஸ்,டிசி=கம்பெனி,டிசி=லோக்கல்

எனக்கு முன்பு இருந்தவர், அப்பாச்சி 2.2 ஓடிய சர்வரிலிருந்து இதைப் புது மெஷினுக்கு மாற்றினாராம். பழைய மெஷினில் சரியாக இருந்தது என்று கணக்குப் பிரிவில் அடித்துச் சொல்கிறார்கள். குரூப் வரி இருந்தும் எல்லோரும் எப்படி வருகிறார்கள்?

லினக்ஸ் மாமா:

மூன்றாவது வரிதான் வில்லன். முதலில் அதை எடுத்துவிட்டு ரீலோட் பண்ணுங்கள், மீதியை அப்புறம் பேசலாம்.

எடுத்தாச்சா? சரி. 2.4 இல் ரிக்வயர் வரிகளை எந்தக் கூட்டுக்குள்ளும் போடாமல் சும்மா அடுக்கினால், அப்பாச்சி அவற்றை 'ரிக்வயர்எனி' என்று எடுத்துக்கொள்ளும். அதாவது ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். டொமைனில் கணக்கும் சரியான பாஸ்வேர்டும் உள்ள எவரும் வேலிட்-யூசர். அந்த ஒரு வரி பாஸ் ஆனவுடன் கதை முடிந்தது. குரூப் வரியில் என்ன எழுதியிருந்தாலும் கவலையில்லை.

கணக்குப் பிரிவினர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். 2.2 இல் 'ஆத்இசட்எல்டாப்அதாரிட்டேட்டிவ்' என்று ஒரு கட்டளை இருந்தது, எழுதாவிட்டாலும் ஆன்தான். எல்டாப் மாட்யூல் 'இவர் இல்லை' என்று சொன்னால் அதுவே இறுதித் தீர்ப்பு, அடுத்த மாட்யூலிடம் கேட்கமாட்டார்கள். 2012 இல் வந்த 2.4 இல் இந்த வகைக் கட்டளைகளை மொத்தமாகத் தூக்கிவிட்டு ரிக்வயர்ஆல், ரிக்வயர்எனி, ரிக்வயர்நன் என்று கொண்டுவந்தார்கள். கான்ஃபிக்கை அப்படியே நகல் எடுத்தால் ஒரு எர்ரர்கூட வராது. அர்த்தம் மட்டும் மாறியிருக்கும்.

குரூப்போடு வேறு நிபந்தனையும் வேண்டும் என்றால், உதாரணமாக அலுவலக நெட்வொர்க்கிலிருந்தும் வர வேண்டும், குரூப்பிலும் இருக்க வேண்டும் என்றால், இரண்டையும் ரிக்வயர்ஆல் கூட்டுக்குள் போடுங்கள்.

இன்னொன்று. குரூப்பில் இல்லாதவர் வந்தால் அப்பாச்சி வழக்கமாக 401 ('லாகின் செய்') தான் அனுப்பும். பிரவுசர் மறுபடி பாஸ்வேர்டு பெட்டியைத் திறக்கும். அவர் பாஸ்வேர்டு தப்பு என்று நினைத்துப் பழைய பாஸ்வேர்டு, அதற்கும் பழைய பாஸ்வேர்டு என்று ஒவ்வொன்றாகப் போட்டு அக்கவுன்டை லாக் பண்ணிக்கொண்டு உங்களுக்குப் போன் போடுவார். 'ஆத்இசட்சென்ட்ஃபர்பிடன்ஆன்ஃபெயிலியர் ஆன்' என்று ஒரு வரி சேர்த்தால் நேரடியாக 403 ('அனுமதி இல்லை') போகும்.

மாற்றிய பிறகு குரூப்பில் இல்லாத ஒரு கணக்கை வைத்துச் சோதியுங்கள். வர வேண்டியவர் வருகிறாரா என்று எல்லோரும் பார்ப்போம். வரக்கூடாதவர் நிற்கிறாரா என்று பார்க்கத்தான் ஆள் இருப்பதில்லை.

ஐஐஎஸ் ஆசாமி:

விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ் பக்கமும் இதே கூத்துதான், கொஞ்சம் வேறு வேஷத்தில். ஏஎஸ்பி.நெட் (மைக்ரோசாஃப்டின் வெப் ஆப் கட்டமைப்பு) ஆப்பில் வெப்.கான்ஃபிக்கின் ஆதரைசேஷன் பகுதியில் 'அலவ் ரோல்ஸ்=கணக்கு' என்று மட்டும் எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். மெஷின் அளவிலான கான்ஃபிக்கில் எல்லோருக்கும் அலவ் ஏற்கெனவே இருக்கிறது. நம் வரி பொருந்தாவிட்டால் தேடல் மேலே போய் அதில் விழுந்துவிடும். அடுத்த வரியாக 'டினை யூசர்ஸ்=*' வேண்டும். சிலர் கேள்விக்குறி போடுகிறார்கள். அது லாகின் செய்யாதவரை மட்டும்தான் தடுக்கும்.

இதைப் படித்துவிட்டு ஐஐஎஸ்ஸின் சொந்த யூஆர்எல் ஆதரைசேஷனில் இதே இரண்டு வரியைப் போட்டீர்கள் என்றால் எம்டி உட்பட ஒருவரும் உள்ளே போக முடியாது. ஏஎஸ்பி.நெட் மேலிருந்து படித்து முதலில் பொருந்தும் வரியோடு நிற்கும். ஐஐஎஸ் டினை விதிகளை முதலில் பார்க்கும். அங்கே எல்லோருக்கும் அலவ் என்ற பிறவி விதியை நீக்கிவிட்டு, குரூப்புக்கு மட்டும் அலவ் போடுவதுதான் வழி.

சர்வர் சங்கிலி:

மாமா, நீங்கள் சொன்னபடி செய்தேன். விற்பனைக்காரருக்கு 403. நன்றி!

ஆனால் புதுச் சிக்கல். கிளை அலுவலகக் கணக்கர்கள் உள்ளே வர முடியவில்லை. அவர்கள் 'கணக்கு' குரூப்பில் நேரடியாக இல்லை. 'கிளைக்கணக்கு' என்ற குரூப்பில் இருக்கிறார்கள், அந்தக் குரூப் 'கணக்கு' குரூப்பில் உறுப்பினர். ஷேர்டு ஃபோல்டருக்கு இதே ஏற்பாடு அழகாக வேலை செய்கிறது. எல்டாப்புக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? எங்கோ எல்டாப்பின் வழக்கமான 389 க்குப் பதில் 3268 போர்ட் போட்டால் சரியாகும் என்று படித்தேன். போடலாமா?

கயல்_டெவ்:

3268 வேண்டாம். அது குளோபல் கேட்டலாக், எல்லா டொமைன்களின் சுருக்கத் தொகுப்பு. டொமைன் வேரிலிருந்து தேடும்போது வரும் ரெஃபரல் ('வேறு சர்வரைக் கேள்' என்ற பதில்) தொல்லைக்குத்தான் அதைப் பரிந்துரைப்பார்கள். அதற்கு 'எல்டாப்ரெஃபரல்ஸ் ஆஃப்' போதும். கேட்டலாக்கில் வேறு டொமைன்களின் குளோபல் குரூப் உறுப்பினர் பட்டியல் வராது, யுனிவர்சல் குரூப்புக்கு மட்டும்தான் வரும் (இரண்டும் ஏடியின் குரூப் வகைகள்). பல டொமைன் உள்ள இடத்தில் இது பாதி ஆட்களை மட்டும் காட்டி மண்டையைக் காய வைக்கும்.

ஃபோல்டர் ஏன் வேலை செய்கிறது என்றால், விண்டோஸ் லாகின் நேரத்தில் டொமைன் கன்ட்ரோலரே (ஏடி ஓடும் சர்வர்) உள்குரூப்புகள் எல்லாவற்றையும் விரித்து, கெர்பரோஸ் டிக்கெட் என்ற லாகின் சீட்டுக்குள் எழுதித் தருகிறது. எல்டாப்பில் 'மெம்பர்' என்ற பண்பைப் படித்தால் நேரடி உறுப்பினர்கள் மட்டும்தான். யூசர் பக்கம் 'மெம்பர்ஆஃப்' படித்தாலும் அப்படியே.

ஆக்டிவ் டைரக்டரிக்கு இதற்கென்று தனித் தேடல் விதி இருக்கிறது. உங்கள் குரூப் வரிக்குப் பதிலாக இப்படி:

ரிக்வயர் எல்டாப்-ஃபில்டர் மெம்பர்ஆஃப்:1.2.840.113556.1.4.1941:=சிஎன்=கணக்கு,ஓயு=குரூப்ஸ்,டிசி=கம்பெனி,டிசி=லோக்கல்

அந்த நீளமான எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள், 'சங்கிலி முழுக்கப் போய்ப் பார்' என்று அர்த்தம். விண்டோஸ் 2003 சர்வீஸ் பேக் 2 முதல் இருக்கிறது. ஓப்பன்எல்டாப்பில் கிடையாது. பெரிய டைரக்டரியில், குரூப்புக்குள் குரூப் ஆழமாகப் போனால் மெதுவாகும்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, யாருக்காவது 'டொமைன் யூசர்ஸ்' தான் முதன்மைக் குரூப் (எல்லோருக்கும் பொதுவாக அதுதான், எண் 513). அது மெம்பர்ஆஃப் பட்டியலில் வரவே வராது. 'எல்லாப் பணியாளருக்கும்' என்று அதை வைத்துப் பூட்டப் போனால் ஒருவரும் வர முடியாது. இரண்டு, குரூப் பெயரில் அடைப்புக்குறி இருந்தால், 'கணக்கு (தலைமை)' என்பது போல, ஃபில்டருக்குள் அதை \28 \29 என்று மாற்ற வேண்டும். குரூப் பெயரில் அடைப்புக்குறி வைப்பவர்களை நான் மன்னிப்பதில்லை.

சர்வர் சங்கிலி:

கயல் அக்கா, ஃபில்டர் வேலை செய்கிறது! கிளைக்காரர்கள் வந்துவிட்டார்கள். எதிர்மறைச் சோதனையும் செய்தேன் மாமா.

இப்போது மேலிடத்தில் அடுத்த கோரிக்கை. கணக்கர்கள் அறிக்கை பார்க்கலாம், ஆனால் இருவர் மட்டும்தான் திருத்தலாமாம். இதையும் அப்பாச்சியிலேயே செய்துவிடலாமா?

லினக்ஸ் மாமா:

திருத்தும் பக்கங்கள் தனிப் பாதையில் இருந்தால் செய்யலாம். அந்தப் பாதைக்கு லொக்கேஷன் கூடு போட்டு வேறு குரூப். என்னைக் கேட்டால் எவ்வளவு முடியுமோ அவ்வளவும் வெளியிலேயே நிறுத்துவது நல்லது. ஆப் எழுதியவர் எந்தப் பக்கத்தில் சோதனையை மறந்தார் என்று நாம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பிஎச்பி கோடில் கைவைக்க அங்கே ஆளும் இல்லை போலிருக்கிறது.

கயல்_டெவ்:

மாமா சொல்வதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். வாசலில் இருக்கும் வாட்ச்மேனிடம் 'இவர் இரண்டாம் மாடி பீரோவைத் திறக்கலாமா' என்று கேட்க முடியாது. உள்ளே வரலாமா என்பது சர்வரின் கேள்வி, உள்ளே வந்து என்ன செய்யலாம் என்பது ஆப்பின் கேள்வி. ஒரே பக்கத்தில் 'பார்' பட்டனும் 'திருத்து' பட்டனும் இருந்தால் பாதையை வைத்து எப்படிப் பிரிப்பீர்கள்? ஆப்புக்கு ரிமோட் யூசர், அதாவது லாகின் செய்தவர் பெயர், அப்பாச்சியிலிருந்து வருகிறது. அதை வைத்து ஆப்பே இன்னொரு குரூப்பைக் கேட்கட்டும்.

ஆனால் ஆப்புக்குள் எல்டாப் கோடு எழுதுகிறவர்கள் மூன்று இடத்தில் சறுக்குகிறார்கள், என் வேலையே இவற்றைத் தேடிப் பிடிப்பது.

யூசர் பெயரை அப்படியே ஃபில்டருக்குள் ஒட்டுவது முதலாவது. எவராவது பெயருக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டால் தேடல் முதலில் கிடைக்கும் ஆளைக் கொண்டுவரும். இப்படிப்பட்ட குறிகளை வெறும் எழுத்தாக மாற்றும் 'எஸ்கேப்' ஃபங்ஷன் பெரும்பாலான நூலகங்களில் இருக்கிறது, அழைத்தால் போதும்.

இரண்டாவது இன்னும் மோசம். பாஸ்வேர்டு காலியாக இருந்தால் எல்டாப் நெறிமுறைப்படி அது 'அங்கீகாரம் இல்லாத பைண்ட்' (பைண்ட் என்றால் எல்டாப் லாகின்), பல சர்வர்கள் அதற்கு வெற்றி என்று பதில் தரும். ஆப் வெற்றியைப் பார்த்துவிட்டு, 'இந்தப் பெயர் குரூப்பில் இருக்கிறதா?' இருக்கிறது, 'வாங்க சார்' என்று கதவைத் திறந்துவிடும். பெயர் மட்டும் தெரிந்தால் போதும்! அப்பாச்சியின் எல்டாப் மாட்யூல் காலிப் பாஸ்வேர்டைத் தானே மறுத்துவிடும். சொந்தமாக எழுதியவற்றில் ஒரு இஃப் வரி போட வேண்டும்.

மூன்றாவது, குரூப் பெயரைப் பாதி ஒப்பிடுவது. மெம்பர்ஆஃப் சரத்தில் 'கணக்கு' என்ற எழுத்துகள் எங்காவது இருக்கிறதா என்று தேடும் கோடு. 'கணக்கு-பயிற்சியாளர்' குரூப்பும் அதில் பாஸ் ஆகிவிடும்.

ஐஐஎஸ் ஆசாமி:

அக்கா சொன்ன ரிமோட் யூசருக்கு ஒரு பின்குறிப்பு. முன்னால் என்ஜின்எக்ஸ் அல்லது ஏதோ ப்ராக்ஸி (இடையில் நிற்கும் சர்வர்) நின்று, குரூப் சோதனையை முடித்து, யூசர் பெயரையும் குரூப்பையும் கோரிக்கையின் ஹெட்டரில் (தலைப்பு வரி) வைத்து அனுப்புவது இப்போது பரவலாக இருக்கிறது. பின்னால் ஆப் 8080 போர்ட்டில் ஓடும். அந்தப் போர்ட் அலுவலக நெட்வொர்க்கிலிருந்து நேரடியாகத் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால், கர்ல் என்ற கமாண்ட் கருவியை வைத்து 'நான்தான் எம்டி' என்று ஹெட்டர் எழுதி அனுப்புகிறவர்தான் எம்டி. ஆப்பை லோக்கல்ஹோஸ்டில் (அதே மெஷினிலிருந்து வருவதை) மட்டும் கேட்க வையுங்கள், வெளியிலிருந்து வரும் அதே பெயர் ஹெட்டரை ப்ராக்ஸி அழித்துவிட்டுத் தன்னுடையதைப் போடட்டும்.

தணிக்கைக் கண்:

நான் சிஸ்டம் ஆள் இல்லை, உள் தணிக்கையில் இருக்கிறேன். இந்த இழையில் எல்லோரும் உள்ளே விடுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கேட்கும் முதல் கேள்வி வேறு: ஒருவரைக் குரூப்பிலிருந்து எடுத்தால் எத்தனை நேரத்தில் அவருக்கு ஆப் மூடும்? பெரும்பாலும் 'உடனே' என்று பதில் வருகிறது. சோதித்துப் பார்த்தால் அப்படி இருப்பதில்லை.

லினக்ஸ் மாமா:

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். இந்த அப்பாச்சி ஏற்பாட்டில் எல்டாப் பதில்களை மாட்யூல் கேஷ் செய்யும் (நினைவில் வைத்துக்கொள்ளும்), வழக்கமான ஆயுள் 600 வினாடி. ஆக, பத்து நிமிடம் வரை பழைய பதில் ஓடலாம். அவசரம் என்றால் ரீஸ்டார்ட். ஒன்றுக்கு மேற்பட்ட டொமைன் கன்ட்ரோலர் இருந்தால், நீக்கிய செய்தி அப்பாச்சி கேட்கும் கன்ட்ரோலருக்குப் போய்ச் சேரும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்டாப்புக்குப் பதில் கெர்பரோஸ் டிக்கெட்டை வைத்து உள்ளே விடும் ஏற்பாடு என்றால் கதை நீளம். குரூப் பட்டியல் டிக்கெட்டுக்குள் உறைந்திருக்கும், டிக்கெட் ஆயுள் வழக்கமாக 10 மணி நேரம். காலையில் லாகின் செய்தவரை மதியம் குரூப்பிலிருந்து நீக்கினால், மாலை வீட்டுக்குப் போகும் வரை அவர் உறுப்பினர்தான். சேர்ப்பதற்கும் இதேதான். 'குரூப்பில் போட்டாச்சே, இன்னும் வரவில்லையே' என்பவரிடம் லாக்ஆஃப் பண்ணி வரச் சொல்வது இதனால்தான்.

அப்புறம் ஆப் தன் பங்குக்கு ஒரு செஷன் குக்கி வைத்திருக்கும். லாகினில் ஒருமுறை குரூப்பைப் பார்த்து செஷனில் எழுதிவிட்டு, அந்த செஷனை 'என்னை நினைவில் வை' என்று ஒரு மாதம் ஓட்டும் ஆப்புகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே நீங்கள் டைரக்டரியில் என்ன செய்தாலும் அதற்குக் காது கேட்காது.

ஐஐஎஸ் ஆசாமி:

கெர்பரோஸ் பேச்சு வந்ததால் இரண்டு விஷயம். விநியோகக் குரூப், அதாவது மெயிலுக்காக மட்டும் உருவாக்கியது, டிக்கெட்டில் ஏறாது. செக்யூரிட்டி குரூப் மட்டும்தான் ஏறும். ஆனால் எல்டாப்பில் மெம்பர்ஆஃப் கேட்டால் இரண்டும் தெரியும். அப்பாச்சியில் வேலை செய்த குரூப் ஐஐஎஸ்ஸில் வேலை செய்யவில்லை என்று யாராவது வந்தால் நான் முதலில் பார்ப்பது குரூப் வகையைத்தான்.

இன்னொன்று, நீண்ட நாள் பணியில் இருப்பவர்கள். எல்லாப் பிராஜெக்ட் குரூப்பிலும் பெயர் இருக்கும். டிக்கெட் வீங்கி, ஹெட்டர் எச்டிடிபி.சிஸ்ஸின் (ஐஐஎஸ்ஸுக்குக் கோரிக்கைகளை வாங்கித் தரும் விண்டோஸ் பகுதி) 16 கேபி எல்லையைத் தாண்டியவுடன் 400 எர்ரர், 'ரிக்வெஸ்ட் டூ லாங்'. புதிதாகச் சேர்ந்த டிரெய்னிக்குத் திறக்கும், இருபது வருட மேனேஜருக்குத் திறக்காது. ரெஜிஸ்ட்ரியில் எல்லையைக் கூட்டலாம்தான். ஆனால் அவர் ஏன் அத்தனை குரூப்பில் இருக்கிறார் என்று ஒருவரும் கேட்பதில்லை. சுமார் 1,015 குரூப்பைத் தாண்டினால் விண்டோஸ் லாகினே நடக்காது, அதுவரை யாரும் கேட்கமாட்டார்கள்.

மேகக்கூட்டம்:

எல்லோரும் உள்ளூர் ஏடியிலேயே நிற்கிறீர்கள். நாங்கள் 2023 இல் பெயர் மாறிய என்ட்ரா ஐடிக்கு, அதாவது மைக்ரோசாஃப்டின் மேக டைரக்டரியான பழைய அசூர் ஏடிக்கு, மொத்தமாகப் போய்விட்டோம். அங்கே இதெல்லாம் போர்ட்டலில் இரண்டு க்ளிக். ஆப்பின் பண்புகளில் 'அசைன்மென்ட் ரிக்வயர்டு' ஆன், குரூப்பை அசைன் பண்ணு, முடிந்தது. இல்லாதவருக்கு ஏஏடிஎஸ்டிஎஸ் 50105 என்று எர்ரர்.

கயல்_டெவ்:

இரண்டு க்ளிக்குக்குப் பின்னால் இருப்பதையும் சொல்லுங்கள் சார். நாமே ரெஜிஸ்டர் செய்யும் ஆப்பில் அந்த சுவிட்ச் முதலில் ஆஃபில்தான் இருக்கும். குரூப்பை அசைன் செய்துவிட்டு சுவிட்சை மறந்தால், இந்த இழையின் முதல் பதிவுக்கே திரும்பி வந்துவிடுவோம்: பட்டியலும் இருக்கும், எல்லோரும் வருவார்கள்.

குரூப்பை அசைன் செய்ய என்ட்ராவின் பி1 என்ற கட்டண லைசென்ஸ் வேண்டும். உள்குரூப்பை அந்த அசைன்மென்ட் மதிக்காது, நேரடி உறுப்பினர் மட்டும். சங்கிலியின் கிளைக் கணக்கர்கள் அங்கே போனாலும் வெளியேதான் நிற்பார்கள்.

அப்புறம் ஆப், லாகினுக்குப் பின் என்ட்ரா தரும் டோக்கன் என்ற சீட்டில் குரூப் பட்டியலைப் படிக்கிறது என்று வையுங்கள். ஜேடபிள்யூடி வடிவ டோக்கனில் 200 குரூப் வரை, சாம்ல் வடிவத்தில் 150 வரை. அதைத் தாண்டினால் பட்டியலையே அனுப்பாது. 'கிராஃபில் (மைக்ரோசாஃப்டின் ஏபிஐ) போய்க் கேட்டுக்கொள்' என்று ஒரு சுட்டி மட்டும் வரும். கோடு எழுதியவர் அதைக் கையாளாவிட்டால் ஆப்புக்கு அவர் எந்தக் குரூப்பிலும் இல்லாத ஆள். அதற்குத்தான் ஆப் ரோல். 'பார்ப்பவர்', 'திருத்துபவர்' என்று இரண்டு ரோல் வரையறுத்து, குரூப்பை ரோலோடு இணைத்துவிட்டால் டோக்கனில் ரோல் பெயர் மட்டும் வரும். குரூப் மாறினாலும் கோடைத் தொட வேண்டியதில்லை.

மேகக்கூட்டம்:

ஆப் ரோல் விஷயம் ஏற்கிறேன். நாங்களும் அதற்குத்தான் மாறினோம், 200 எல்லையில் முட்டிய பிறகு. டோக்கனில் குரூப் பெயருக்குப் பதில் நீள அடையாள எண் வருவதைப் பார்த்து முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அதுவே நல்லது என்று தோன்றுகிறது. குரூப் பெயரை உரிமை உள்ளவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பழைய பெயரை அழித்துவிட்டு அதே பெயரில் வேறு குரூப் உருவாக்கினாலும் எண் வேறாகத்தான் இருக்கும்.

சர்வர் சங்கிலி:

நாங்கள் மேகத்துக்குப் போக இன்னும் காலம் இருக்கிறது. மாமா வழியும் அக்கா வழியும் சேர்த்துச் செய்கிறேன்: உள்ளே வர அப்பாச்சி, திருத்த ஆப்பில் தனிக் குரூப். திருத்தும் குரூப்புக்குப் பெயர் என்ன வைக்கலாம்? 'சீனியர் கணக்கர்கள்' என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதையே போட்டுவிடவா?

லினக்ஸ் மாமா:

வேண்டாம். அது ஆட்கள் யார் என்று சொல்லும் குரூப். நாளைக்கு ஒருவருக்குப் பதவி உயர்வு வந்தால், சம்பளத்தைத் திருத்தும் உரிமையும் யாரும் யோசிக்காமலே கூடவே வந்துவிடும். 'சம்பளஆப்-திருத்தம்' என்று ஆப்புக்கென்று ஒன்று உருவாக்கி, அதற்குள் இரண்டு பேரை மட்டும் போடுங்கள். 'சம்பளஆப்-பார்வை' இன்னொன்று, அதற்குள் 'கணக்கு' குரூப்பைப் போடுங்கள். குரூப்பின் பெயரைப் பார்த்தாலே அது எதைத் திறக்கும் என்று தெரிய வேண்டும். 'புது குரூப் 2' என்று ஒன்று எங்கள் டைரக்டரியில் இருக்கிறது, அழிக்க எல்லோருக்கும் பயம்.

தணிக்கைக் கண்:

அந்த இரண்டு குரூப்புக்கும் உரிமையாளர் யார்? ஐடி பிரிவு என்று மட்டும் சொல்லாதீர்கள். யார் சம்பளத்தைத் திருத்தலாம் என்பது உங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. யாரோ மெயில் போடுவார், நீங்கள் சேர்ப்பீர்கள். பிரிவு மாறிப் போனவரை எடுக்கச் சொல்லி எவரும் மெயில் போடமாட்டார். என் அனுபவத்தில் பட்டியலைக் கொண்டுபோய் நிதித் தலைவரிடம் காட்டினால், பாதிப் பெயருக்கு 'இவர் இன்னும் இதில் இருக்கிறாரா!' என்பார்.

லினக்ஸ் மாமா:

அதற்கு ஏடியிலேயே வசதி இருக்கிறது. குரூப் பண்புகளில் 'மேனேஜ்டு பை' தாவல். நிதித் தலைவரைப் போட்டு, கீழே உறுப்பினர் பட்டியலை மேலாளர் மாற்றலாம் என்ற பெட்டியில் டிக் அடித்தால், அவரே சேர்ப்பார், அவரே எடுப்பார். டிக் அடிக்காவிட்டால் அது வெறும் பெயர்ப்பலகை.

சர்வர் சங்கிலி:

செய்துவிட்டேன். நிதித் தலைவர் முதலில் 'இது ஐடி வேலை இல்லையா' என்றார். பட்டியலைக் காட்டினேன். போன வருடமே கொள்முதலுக்குப் போனவர் அதில் இருந்தார். பேசாமல் தானே நீக்கினார்.

கடைசியாக ஒன்று. இனி யாரை யார் சேர்த்தார்கள் என்று எங்கே பார்ப்பது? குரூப்பைத் திறந்தால் உறுப்பினர் பெயர் தெரிகிறது, சேர்த்தவர் பெயர் இல்லை.

ஐஐஎஸ் ஆசாமி:

டொமைன் கன்ட்ரோலரின் செக்யூரிட்டி லாக். குளோபல் குரூப்பில் சேர்த்தால் 4728, நீக்கினால் 4729. டொமைன் லோக்கல் குரூப்புக்கு 4732, 4733. யுனிவர்சலுக்கு 4756, 4757. ஒவ்வொன்றிலும் செய்தவர், சேர்க்கப்பட்டவர், குரூப் மூன்றும் இருக்கும். மாற்றம் எந்தக் கன்ட்ரோலரில் நடந்ததோ அதில் மட்டும்தான் பதிவாகும், அதனால் எல்லாக் கன்ட்ரோலர் லாக்கையும் ஒரு இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஆடிட் பாலிசியில் செக்யூரிட்டி குரூப் மேனேஜ்மென்ட் ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதோடு லாக்கின் அளவையும்: சிறியதாக விட்டிருந்தால் தணிக்கைக்காரர் கேட்கும் நாளுக்குள் பழையது மேலெழுதப்பட்டிருக்கும்.